முதலில் தரை, பிறகு காரணம்

கொச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், கருகல் வாடை அடிக்கிறது என்று ஒரு பயணி சொன்னதால் திரும்பி வந்தது. சோதித்துப் பார்த்தால் கோளாறு எதுவும் இல்லை. அப்படியானால் திரும்பியது வீண்தானா? வானத்தில் மின்சாரம் மக்கர் செய்யும்போது காக்பிட்டில் என்ன நடக்கிறது?

2023 ஆகஸ்ட் 2, புதன்கிழமை இரவு. நெடும்பாசேரியில் இருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் சுமார் 175 பேருடன் ஷார்ஜாவுக்குப் புறப்பட்டது. கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகுகிற வாடை வருகிறது என்று பயணி ஒருவர் சொன்னார். பைலட் மேற்கொண்டு அரபிக்கடலைக் கடக்கத் துணியவில்லை. கொச்சிக்கே திருப்பிக்கொண்டு வந்து பத்திரமாக இறக்கினார்.

பொறியாளர்கள் விமானத்தைச் சோதித்தார்கள். புகை கிளம்பியதற்கான தடயமும் இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை. சரக்கு அறையில் இருந்த காய்கறி, பழப் பெட்டிகளின் வாடையாக இருக்கலாம் என்று விளக்கம் வந்தது. கொச்சியிலிருந்து வளைகுடாவுக்குக் காய்கறி போவது அன்றாட விஷயம். மறுநாள் செய்தியைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். விமானத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் எரிச்சல்பட்டும் இருப்பார்கள்.

ஆனால் விமானத்துறையில் இருப்பவர்கள் யாரும் அந்தப் பைலட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். அவர் எடுத்த முடிவுக்குப் பின்னால் ஐம்பது வருட அனுபவம் இருக்கிறது. அதில் பல பாடங்கள் உயிரைக் கொடுத்து வாங்கியவை.

ஆலுவாவின் அவசர ஓடுபாதை

கோவை, தேனிப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகிற தமிழர்கள் பலருக்கு ஆலுவா பழகிய ஊர். ரயிலை விட்டு இறங்கி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நெடும்பாசேரி. 1999-இல் திறக்கப்பட்ட கொச்சி சர்வதேச விமான நிலையம், 2015-இல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று பெயர் வாங்கியது. பைலட்டுகளுக்கு அதைவிட முக்கியம் 3,400 மீட்டர் நீளமுள்ள அதன் சமதள ஓடுபாதை. ஒரு விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் இறங்குவதற்குத் தோதான இடம்.

2022 ஜூலை 15 அன்று ஷார்ஜாவிலிருந்து வந்த ஏர் அரேபியா விமானம் ஹைட்ராலிக் பழுதுடன் இங்கேதான் இறங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, ஜெட்டாவிலிருந்து கோழிக்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த ஸ்பைஸ்ஜெட் விமானமும் அதே வகைப் பழுதோடு இங்கே திருப்பி விடப்பட்டது. இரண்டு முறையும் ‘ஃபுல் எமர்ஜென்சி’ அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு வந்தால் தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதை ஓரத்தில் வந்து நிற்கும். ஆம்புலன்ஸ்கள் தயாராகும். காவல்துறைக்கும் சுற்றுவட்டார மருத்துவமனைகளுக்கும் தகவல் பறக்கும். இரண்டு விமானங்களில் வந்தவர்களும் பத்திரமாக இறங்கினார்கள்.

ஹைட்ராலிக் பழுது என்றால் என்ன போயிற்று என்று காக்பிட்டில் உடனே தெரிந்துவிடும். ஹைட்ராலிக் எண்ணெயின் அளவு குறைவதைக் கருவி காட்டும். மின்சாரத்தில் தொல்லை வந்தால் அப்படிப் பிடிபடாது.

பறக்கும் மின்நிலையம்

ஷார்ஜா போகாமல் கொச்சிக்கே திரும்பிய அந்த விமானத்தின் நிறுவனம் அப்போது வளைகுடாவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தது போயிங் 737-800 ரகம். அதன் இரண்டு எஞ்சின்களிலும் ஆளுக்கொரு ஜெனரேட்டர் உண்டு. ஒவ்வொன்றின் திறன் 90 கிலோவோல்ட் ஆம்பியர். ஒன்று நின்றுபோனால் மற்றது சுமையை ஏற்றுக்கொள்ளும். வால்பகுதியில் ‘ஏ.பி.யு.’ என்ற குட்டி எஞ்சின் இருக்கிறது. அதிலும் ஒரு ஜெனரேட்டர். எல்லாமே போய்விட்டால் கடைசியாக பேட்டரி. அது அத்தியாவசியக் கருவிகளை மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்குத் தாக்குப்பிடிக்க வைக்கும்.

ஏர்பஸ் ஏ320 ரகத்தில் இன்னொரு ஏற்பாடு உண்டு. மின்சாரம் முழுக்கப் போனால் விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு சிறிய காற்றாடி வெளியே வந்து விழும். எதிர்க்காற்றில் அது சுழன்று அவசர மின்சாரம் தரும். இதை ‘ராட்’ என்பார்கள். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 பேரைப் பலிகொண்ட ஏர் இந்தியா விபத்தில், கிளம்பிய சில நொடிகளில் இந்தக் காற்றாடி வெளியே வந்திருந்தது. அதன் பிறகுதான் அந்தப் பெயர் நம் வீடுகள் வரைக்கும் வந்தது. அங்கே முதலில் நின்றது எஞ்சின்கள். காற்றாடி வெளிவந்தது அதன் விளைவு என்றே முதல்கட்ட விசாரணை அறிக்கையில் உள்ள நிகழ்வு வரிசை காட்டுகிறது.

அகமதாபாத்தில் விழுந்த போயிங் 787 ரகம் மின்சாரத்தை அதிகம் நம்பியிருக்கும் விமானம். மற்ற விமானங்கள் எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்றைக் கொண்டு செய்கிற ஏசி முதலிய வேலைகளை இது மின்சாரத்தைக் கொண்டே செய்கிறது. இதன் ஆறு ஜெனரேட்டர்களின் மொத்தத் திறனைக் கணக்குப் போட்டால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இஸ்திரிப்பெட்டிகளை ஒரே நேரத்தில் சூடாக்கலாம். 2013 ஜனவரியில் ஜப்பான் நிறுவனங்களின் இரண்டு 787 விமானங்களில் லித்தியம் பேட்டரி கருகியதும், உலகம் முழுக்க அந்த ரகம் தரையில் நிறுத்தப்பட்டது. ஏர் இந்தியா அப்போது வைத்திருந்த ஆறும் பறக்கவில்லை.

இத்தனை அடுக்கு மாற்று ஏற்பாடு இருப்பதால், விமானத்தில் மின்சாரம் மொத்தமாகப் போவது அரிது. பைலட்டுகள் பயப்படுவது இருட்டுக்காக இல்லை. ஒயர் உரசித் தீப்பொறி கிளம்பினால், அது கண்ணுக்குத் தெரியாத கூரைக்குள்ளோ சுவருக்குள்ளோ பரவும். அந்த நெருப்புக்குத்தான் பயம்.

இருபத்தொரு நிமிடம்

1998 செப்டம்பர் 2 இரவு. நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் போன சுவிஸ்ஏர் 111 விமானத்தில், 10.10 மணிக்குக் காக்பிட்டில் ஏதோ வாடை. ஏசியிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். நான்கு நிமிடம் கழித்து, உயிராபத்துக்கு ஒரு படி கீழான எச்சரிக்கையான ‘பான் பான்’ சொல்லி, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நோக்கித் திரும்பினார்கள். எடை அதிகம் இருந்ததால் எரிபொருளைக் கடலில் கொட்ட ஆயத்தமானார்கள். 10.24-க்கு நிலைமை கைமீறிப்போனது. அடுத்த சில நொடிகளில் கருவிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. 10.31-க்கு விமானம் கடலில் விழுந்தது. 229 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

கனடா அதிகாரிகள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் விசாரித்தார்கள். பயணிகளின் பொழுதுபோக்குத் திரைகளுக்கான மின்சார இணைப்பில், காக்பிட் கூரைக்கு மேலே தீப்பொறி ஏற்பட்டிருந்தது. பக்கத்தில் இருந்த வெப்பத் தடுப்புப் போர்வை எளிதில் தீப்பிடிக்கும் பொருளால் ஆனது. முதல் வாடை வந்த நொடியிலேயே நேராகக் கிளம்பியிருந்தாலும் அவர்களால் பத்திரமாக ஹாலிஃபாக்ஸில் இறங்கியிருக்க முடியாது என்றும் அறிக்கை சொன்னது. ஆக, அந்தப் பைலட்டுகளைக் குறை சொல்ல வழியில்லை. அணைக்க முடியாமல் போன பழைய விமானத் தீக்களை அதே விசாரணையாளர்கள் எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நெருப்பைக் கண்டது முதல் விமானம் விழுந்தது வரை கிடைத்த அவகாசம் ஐந்து நிமிடத்திலிருந்து முப்பத்தைந்து நிமிடம் வரைதான்.

அதன் பிறகு அந்தப் போர்வைப் பொருளுக்கு முடிவு கட்டினார்கள். பைலட்டுகளின் செக்லிஸ்டும் மாறியது. முன்பெல்லாம் காரணத்தைத் தேடி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்க்கும் வரிகள்தான் முன்னால் நிற்கும். இன்று 737 பைலட்டின் கையேட்டில் புகை, தீ, வாடை என்ற பக்கத்தைத் திறந்தால், வேறு விமான நிலையத்தில் இறங்க வேண்டி வரலாம் என்ற எச்சரிக்கைதான் முதலில் கண்ணில் படும். முதலில் தரையை நோக்கித் திரும்பு. தேடலைப் போகிற வழியில் வைத்துக்கொள். கொச்சிப் பைலட் அன்று செய்தது இதைத்தான். வாடை காய்கறியிலிருந்து வந்ததா, ஒயரிலிருந்து வந்ததா என்பது அவருக்கு வானத்தில் தெரிந்திருக்க வழியே இல்லை. அது தரையில் மட்டும் தெரியக்கூடிய விஷயம்.

நான்கு கைகள், நான்கு கேள்விகள்

காக்பிட்டில் வாடை வந்தால் இருவரும் முதலில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொள்வார்கள். புகையைச் சுவாசித்து மயங்கிவிட்டால் மற்ற திறமை எதுவும் உதவாது. பிறகு வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் விமானத்தை ஓட்டுவார். அவர் வேறு எதையும் தொட மாட்டார். மற்றவர் செக்லிஸ்டைப் படிப்பார், கண்ட்ரோல் டவரோடு பேசுவார். பயணிகள் பகுதித் திரைகளுக்கும் சமையல் அடுப்புகளுக்கும் போகும் மின்சாரத்தை அணைத்துப் பார்ப்பது ஆரம்ப வேலைகளில் ஒன்று.

பின்னால் கேபின் குழுவுக்கும் வேலை இருக்கிறது. கழிவறை, அடுப்பு, விளக்குகள், இருக்கைக்கு அடியில் என்று ஒவ்வொன்றாக மோப்பம் பிடித்துத் தேடுவார்கள். சுவர்ப் பலகையைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார்கள். உள்ளே சூடு இருந்தால் உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சீக்கிரம் தெரியும். கேப்டன் அவர்களுடைய தலைவரை இண்டர்காமில் அழைத்து நான்கு விஷயங்களைச் சொல்வார்: என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, வேறு என்ன தயார் செய்ய வேண்டும். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவசரத்தில் தப்பாகக் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஓட்டுபவர் ஒரே கருவியை நம்பிவிடக் கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரச் சாட்சி உண்டு. 1978 ஜனவரி 1 இரவு, மும்பையிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ போயிங் 747 ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது. 213 பேர் இறந்தார்கள். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கேப்டனின் கருவி பழுதாகித் தவறாகக் காட்டியது. வெளியே இருட்டு, கீழே கடல், ஒப்பிட்டுப் பார்க்க அடிவானமும் இல்லை. பழுதான கருவியை நம்பி அவர் எதிர்ப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். ஒரு கருவி பொய் சொன்னால் மற்ற இரண்டோடு ஒப்பிடு என்று இன்றைய பயிற்சியில் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

திருச்சி ஏன் வட்டமடித்தது?

2024 அக்டோபர் 11-ஐத் தமிழ்நாடு மறந்திருக்காது. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் பழுதால் நகரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தொலைக்காட்சிகள் நேரலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டரை மணி நேரம் கழித்து அது சாதாரணமாக இறங்கியது. உடனே இறங்கினால் என்ன என்று பலர் கேட்டார்கள்.

விடை எடையில் இருக்கிறது. 737-800 அதிகபட்சம் 79 டன்னோடு கிளம்பலாம். இறங்கும்போது 66 டன் சொச்சம்தான் வரம்பு. இந்த ரகத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஹைட்ராலிக் பழுதில் அதற்கு நேரம் இருக்கிறது. அவசரப்பட்டுக் கனமாக இறங்கினால்தான் ஆபத்து.

புகை என்றால் கணக்கு தலைகீழ். அப்போது வரம்பை மீறிய எடையோடும் இறங்கலாம், விதி அனுமதிக்கிறது. இறங்கிய பிறகு சக்கரத்தையும் இறக்கையையும் பொறியாளர்கள் முழுக்கச் சோதிப்பார்கள். அதற்குப் பணமும் நேரமும் ஆகும், அவ்வளவுதான். ஒரே நிறுவனம், ஒரே ஊருக்கான பயணம், ஒரே மாதிரித் திரும்பல் என்றாலும், சுற்றுவதா உடனே இறங்குவதா என்பதைப் பழுதின் தன்மைதான் தீர்மானிக்கிறது.

திருப்பக் கூடாத நேரம்

திரும்புவதே எப்போதும் சரி என்றும் சொல்ல முடியாது. 2006 செப்டம்பரில் ஸ்பெயினின் அலிகாண்டேயிலிருந்து இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்குப் போன ஈஸிஜெட் ஏ319-இல், பிரான்சுக்கு மேலே பறக்கும்போது ஒரு மின்தடம் செத்தது. கேப்டனின் திரைகள் அணைந்தன. ரேடியோ மொத்தமும் போயிற்று. தரையில் இருப்பவர்களுக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவியும் நின்றது. அமெரிக்கப் பயணிகள் விமானம் ஒன்று ஆபத்தான அளவுக்குப் பக்கத்தில் கடந்து போனது. பைலட்டுகள் திரும்பவில்லை. திட்டத்தில் எழுதிக் கொடுத்த வழியிலேயே போய்ப் பிரிஸ்டலில் இறங்கினார்கள். பேச முடியாத விமானம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. சொன்ன வழியில் போனால் மற்றவர்கள் விலகிக்கொள்ள முடியும்.

பழுதைச் சரிசெய்யத் துடிக்கிற கை அதைவிட ஆபத்து. 2014 டிசம்பர் 28, சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போன ஏர்ஏசியா 8501. சுக்கானின் வீச்சைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்னணுப் பகுதியில் சால்டர் பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, செக்லிஸ்டில் சொன்னதைச் செய்தார்கள், அணைந்தது, மறுபடி வந்தது. நான்காவது முறை கேப்டன் செக்லிஸ்டில் இல்லாத ஒன்றைச் செய்தார் என்பதையே கிடைத்த தடயங்கள் காட்டின. சில நாள் முன்பு, விமானம் தரையில் நின்றபோது பொறியாளர் ஒருவர் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துப் போட்டுச் சரிசெய்ததை அவர் பார்த்திருக்கிறார். அதையே வானத்தில் செய்தபோது ஆட்டோபைலட் விடுபட்டது, விமானம் ஒருபக்கம் சாய்ந்தது. அடுத்து கோ-பைலட் கட்டுப்பாட்டுக் கம்பியை இழுத்துக்கொண்டே இருந்ததில் விமானம் தூக்கு விசையை இழந்து கடலில் விழுந்தது. 162 பேர் இறந்தார்கள். அந்த எச்சரிக்கை மட்டும் பயணிகளை எந்த ஆபத்திலும் தள்ளியிருக்காது. வீட்டில் ட்ரிப் ஆன சுவிட்சைத் தூக்கிவிடுவது போல் வானத்தில் பிரேக்கரைத் தொடக் கூடாது என்பது இன்று பைலட் பயிற்சியில் கண்டிப்பான பாடம்.

பயணி என்ன செய்யலாம்?

வாடை வந்தால் தயங்காமல் கேபின் குழுவிடம் சொல்லுங்கள். கொச்சியில் சொன்னவர் ஒரு பயணிதான். பவர்பேங்க், உதிரி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகிற பெட்டியில் வைக்கவே கூடாது. போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை அசைக்காமல் பணியாளரைக் கூப்பிடுங்கள். நசுங்கிய பேட்டரி தீப்பிடிக்கும். அவசரமாக இறங்கச் சொன்னால் பையை விட்டுவிட்டு இறங்குங்கள். மேலே இருக்கும் பையை எடுக்க ஒருவர் நின்றாலும் பின்னால் உள்ளவர்களின் நிமிடங்கள் போய்விடும்.

கோழிக்கோட்டில் செயலிழந்த வைப்பர்

கொச்சியிலிருந்து வானவழியில் 120 கிலோமீட்டர் வாக்கில்தான் கோழிக்கோடு. 2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 அங்கே கொட்டும் மழையில் இறங்கப் பார்த்தது. முதல் முயற்சியில் கேப்டன் பக்கக் கண்ணாடி வைப்பர் நின்றுபோனது. மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். மேலே ஏறிச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி வந்தார்கள். இப்போது வைப்பர் ஓடியது, ஆனால் வைத்த வேகத்துக்கு ஓடவில்லை. பின்காற்று வேறு. மலைமுகட்டு ஓடுபாதையில் பாதி தூரம் தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் விளிம்பைத் தாண்டி விழுந்து உடைந்தது. இரண்டு பைலட்டுகளும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள்.

வேறு விமான நிலையத்துக்குப் போக எரிபொருள் இருந்தது. போகவில்லை. காரணங்களை அலசிய அரசு விசாரணை அறிக்கை, நடைமுறையை மீறியது பைலட்டின் தவறு என்று சொன்னது. அத்தோடு நிற்காமல் இன்னொன்றையும் பதிவு செய்தது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்பும் விமானத்தை அந்தக் கேப்டன்தான் ஓட்ட வேண்டியிருந்தது. அங்கே நிறுவனம் போதிய கேப்டன்களை நிறுத்தியிருக்கவில்லை. எப்படியாவது அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவரை உந்தியிருக்கிறது.

கொச்சியில் திரும்பிய விமானத்தையும் கோழிக்கோட்டில் திரும்பாத விமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் வெறும் துணிச்சலில் இல்லை என்பது தெரியும். திரும்பி வருகிற ஒவ்வொரு விமானத்துக்கும் தரையில் ஒரு செலவு உண்டு. மாற்று விமானம் வேண்டும், பணிநேரம் முடிந்த பைலட்டுக்குப் பதில் ஆள் வேண்டும், பயணிகளுக்குச் சோறும் தங்க இடமும் வேண்டும். அந்தக் கையிருப்பு இல்லாத நிறுவனத்தில், திரும்பு என்று கையேடு சொன்னாலும் போ என்று அட்டவணை சொல்லும்.

நம் நாட்டில் அந்தக் கையிருப்பு எவ்வளவு மெல்லியது என்பதை 2025 டிசம்பர் காட்டியது. பைலட்டுகளின் ஓய்வை அதிகரிக்கும் புதிய பணிநேர விதிகள் நவம்பர் முதல் முழுமையாக அமலுக்கு வந்ததும், நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவிடம் போதுமான பைலட்டுகள் இல்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. கடைசியில் விதியைத்தான் தளர்த்தினார்கள்.

உங்கள் விமானம் ஒரு நாள் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால், ஏன் திரும்பினீர்கள் என்று பைலட்டிடம் சண்டை பிடிக்காதீர்கள். நிறுவனத்திடமும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி வேறு இருக்கிறது: இந்தக் கேப்டன் இன்று திரும்பிவிட்டார், நாளைக் காலை இவர் ஓட்ட வேண்டிய விமானத்துக்கு இன்னொரு கேப்டன் தயாராக இருக்கிறாரா?